பட்டம் வாங்கப் போறியா கண்ணு?

இந்த மனுவ இப்படிக் குடு கண்ணு. கண்ணாடியெல்லாம் வாணாம், எழுத்தத்தான் அம்மாம் பெருசாப் போட்டு வச்சிருக்கீங்களே. ‘தாம்பரம் மாநகராட்சியை உலக இலக்கிய நகரமாக அறிவிக்க வேண்டி...’ அடேயப்பா! கீழ கையெழுத்துப் போட்டவங்கள்ல முக்காவாசி ஆளுங்களுக்குப் பேருக்கு முன்னால ‘கவிஞர்’. மிச்சம் யாரு, பிளம்பரும் எலக்ட்ரீஷியனுமா? அவங்களையாவது விட்டு வச்சீங்களே. ஊர்ல குழாய் ஒழுகினா கூப்பிட ஆள் வேணுமில்ல.

உக்காரு, கோச்சிக்காத. இந்த ஏரித் தண்ணிய நம்பி நெல்லு போட்டவன் நான். நம்ம சிட்லபாக்கத்துக்கு உலகப் பட்டம் வந்தா எனக்குக் கசக்குமா? எப்படி வாங்கறதுன்னு யோசனை சொல்லத்தான் கூப்பிட்டேன். கேட்டுட்டுப் போ. கேக்கறதும் கேக்காததும் உன் இஷ்டம்.

கோழிக்கோட்டுக்காரன் வாங்கிட்டான், நாம என்ன குறைஞ்சவங்களான்னு முத வரியிலயே எழுதியிருக்கீங்க. நியாயமான கேள்வி. 2023 அக்டோபர் 31ஆம் தேதி யுனெஸ்கோக்காரங்க உலகம் பூரா 55 ஊர்களைப் புதுசா அவங்களோட படைப்பாற்றல் நகரங்கள் பட்டியல்ல சேத்தாங்க. நம்ம தேசத்துக்கு ரெண்டு. குவாலியருக்கு இசை, கோழிக்கோட்டுக்கு இலக்கியம். இந்தியாவுல இலக்கியத்துக்குன்னு இந்தப் பேரை வாங்கின முத ஊரு அதுதான். பட்டியல்ல பேரு வந்தப்புறமும் அவங்க அவசரப்படல. அடுத்த வருஷம் ஜூன் மாசம்தான் மந்திரிய வச்சு மேடை போட்டு ஊரறியச் சொன்னாங்க. நீங்களா இருந்தா பட்டம் வர்றதுக்கு முந்தியே தூணுக்குத் தூண் நன்றி போஸ்டர் ஒட்டியிருப்பீங்க. அதுல யுனெஸ்கோ போட்டோ சின்னதா ஒரு மூலையில, வார்டு செயலாளர் போட்டோ பெருசா நடுவுல.

ஆனா சென்னைன்னு போடாம தாம்பரம்னு தனியாப் போட்டீங்க பாரு, அங்கதான் இருக்குது உங்க கெட்டிக்காரத்தனம். ஏன்னா சென்னை ஏற்கனவே 2017லயே அந்தப் பட்டியல்ல உக்காந்தாச்சு. எதுக்குன்னு தெரியுமா? இசைக்கு. பாத்தியா, முழிக்கறே! இத்தனை வருஷமா நீ பட்டம் வாங்கின மாநகரத்துக்குப் பக்கத்து ஊர்ல குடியிருக்கே, தினம் கிண்டிக்கு ரயிலேறிப் போறே, உனக்கே சேதி வரல. எனக்கும் ஒரு கல்யாணத்துல நாயனக்காரர் சொல்லித்தான் தெரியும். பட்டம் வந்தப்புறம் உங்களுக்குச் சம்பளம் ஏறிச்சான்னு கேட்டேன். சீவாளிய வாயில வச்சிக்கிட்டாரு. அதுக்கு மேல என்ன கேக்கறது?

அது ஒரு விஷயம், நல்லா மனசுல வாங்கிக்கோ. இந்தப் பட்டத்தோட பைசா வராது. யுனெஸ்கோ பணமுடிப்பு ஒண்ணும் அனுப்ப மாட்டான். அவன் கேக்கறதுதான் அதிகம். ஊர் என்ன பண்ணப் போவுதுன்னு முதல்ல எழுதிக் குடுக்கணும். அப்பால நாலு வருஷத்துக்கு ஒருதரம், சொன்னதுல எதைச் செஞ்சேன்னு கணக்கு ஒப்படைக்கணும். நம்ம சங்கத்துல போன பொங்கல் விழாக் கணக்கே இன்னும் ஒப்படைக்கலையே, அந்தப் பொருளாளரத்தானே மனுவுல ரெண்டாவதாக் கையெழுத்துப் போட வச்சிருக்கீங்க? நல்லா இருக்குது.

துறையும் ஒண்ணுதான் குறிக்கணும். கைவினை, வடிவமைப்பு, சினிமா, சமையல், இலக்கியம், ஊடகக் கலை, இசைன்னு ஏழு இருந்துச்சு. 2025ல கட்டடக் கலையையும் சேத்து எட்டாக்கிட்டாங்க. லக்னோக்காரன் பாத்தான், கவிதை அவனுக்கும் உண்டு, கஜல் உண்டு, ஆனா அதையெல்லாம் ஓரமா வச்சிட்டுச் சமையல்னு குறிச்சுக் குடுத்தான். 2025 அக்டோபர்ல வாங்கிட்டான். கபாப்புக்கும் பிரியாணிக்கும் உலகப் பட்டம்! எனக்கென்னமோ அவன்தான் விவரமானவன்னு தோணுது. இலக்கிய நகரம்னு சொன்னா வர்ற விருந்தாளி, எங்க உன் இலக்கியம், எடுத்துக் காட்டுன்னு கேப்பான். சமையல் நகரம்னா எலையப் போட்டு உக்கார வச்சிடலாம்.

சரி, இலக்கியம்தான்னு முடிவு பண்ணிட்டீங்க. அப்ப வேலைய வரிசையா ஆரம்பிங்க. முதல்ல ஜி.எஸ்.டி. ரோட்டுல ஒரு வளைவு. ‘இலக்கிய நகரம் உங்களை வரவேற்கிறது’ன்னு. அதுல சந்திப்பிழை ஒண்ணாவது இருக்கட்டும், அப்பதான் இருக்கிற தமிழாசிரியருங்க பத்து நாளைக்கு வாட்ஸ்அப்புல சண்டை போடுவாங்க. சண்டை நடந்தாத்தான் ஊர்ல இலக்கியம் நடக்குதுன்னு வெளியூர்க்காரனுக்குத் தெரியும். அப்பால ஏரிக்கரையில நடைபாதை ஓரமா கலர் லைட்டு போட்டு, நடுவுல ஒரு இருதயம் வச்சு, ‘ஐ லவ் சிட்லபாக்கம்’னு நிக்க வச்சிடுங்க. காலையில நடக்க வர்ற சர்க்கரைக்காரங்க அது முன்னாடி நின்னு படம் எடுத்துக்குவாங்க.

மூணாவதா, புஸ்தக வெளியீட்டு விழா. இத நீங்க நல்லாவே பண்றீங்க, நான் சொல்லித்தர ஒண்ணுமில்ல. போன தடவை என்னையும் கூட்டிக்கிட்டுப் போய் முத வரிசையில உக்கார வச்சீங்களே. மேடையில பதினாலு நாற்காலி, எதிர்ல நாங்க ஒரு பன்னெண்டு பேரு. அதுலயும் மூணு பேர் மைக்செட்டுக்காரங்க. பொன்னாடை போடவே ஒண்ணே கால் மணி நேரம். ஒருத்தருக்குப் போட்ட ஆடைய அவர் உக்காந்ததும் பின்பக்கமா வாங்கிட்டுப் போய் அடுத்தவருக்குப் போர்த்தினீங்க, நான் பாக்கலன்னு நெனைச்சியா? அதுல தப்பில்ல, சிக்கனம் நல்லதுதான். வாழ்த்துரை சொன்னவரு புஸ்தகத்த இன்னும் படிக்க நேரம் கிடைக்கல, ஆனா அட்டைய வச்சே ஆழம் தெரியுதுன்னாரு. ஏற்புரை சொல்ல வேண்டிய கவிஞர் எழுந்திரிக்கும்போது மண்டபத்துக்காரன் விளக்க அணைக்க ஆரம்பிச்சான். அந்தப் புஸ்தகம் எத்தனை வித்துச்சுன்னு நான் கேக்கல. கேக்க மாட்டேன். நான் ஒண்ணு வாங்கினேன், அது போதும்.

தெருப் பேரு விஷயத்துல மட்டும் நீங்க கவலையே படாதீங்க. அதுல எடின்பரோக்காரன்கூட நம்ம கிட்ட நிக்க முடியாது. நம்ம புறநகர்ல கம்பர் தெரு இல்லாத நகர் உண்டா? பாரதி தெரு, பாரதிதாசன் தெரு, இளங்கோ தெரு, அவ்வை தெரு, வள்ளுவர் குறுக்குத் தெரு ஒண்ணு ரெண்டு மூணு. மனை போட்டவன் கணக்கா அத்தனை புலவரையும் நாப்பதுக்கு அறுபதுல அடக்கிட்டான். மழைக்காலத்துல கம்பர்ல முழங்கால் தண்ணி, இளங்கோவுல பாதாள சாக்கடைப் பள்ளம். சாப்பாடு கொண்டாந்து குடுக்கிற பையன் தினம் அவ்வைக்கும் கபிலருக்கும் நடுவுல வண்டிய ஓட்டிக்கிட்டு, ‘அண்ணா, கபிலர்ல எங்கண்ணா?’ன்னு போன்ல கேக்கறான். சங்க இலக்கியம் இம்மாம் புழக்கத்துல இருக்கிற ஊர உலகத்துல காட்டச் சொல்லு பாப்போம்.

எடின்பரோன்னு சொன்னேனே, அதுதான் இந்தப் பட்டத்த முத முதல்ல வாங்கின ஊரு. 2004ல. ஸ்காட்லாந்துல இருக்குது. அங்க பெரிய ரயிலடிக்குப் பேரு வேவர்லி. அது என்ன பேருன்னு நெனைக்கறே? வால்டர் ஸ்காட்டுன்னு ஒரு எழுத்தாளன், அவன் எழுதின நாவலோட பேரு. ரயில் நிலையத்துக்கு ஒரு கதைப் புஸ்தகத்தோட பேரை வச்சிருக்கான்! பக்கத்துலயே அவனுக்குக் கோபுரம் கணக்கா ஒரு நினைவுச்சின்னம் வேற. நம்ம பக்கம் பாரு. நீ ஏறி இறங்கற ரயிலடி ரெண்டு. ஒண்ணு குரோம்பேட்டை. தோல் பதனிடற குரோம் லெதர் கம்பெனியால வந்த பேரு. இன்னொண்ணு தாம்பரம் சானடோரியம். காசநோய் ஆஸ்பத்திரியால வந்த பேரு. 1928ல டாக்டர் சவுரிமுத்து ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி, நல்ல மனுஷன், நல்ல காரியம், குறை சொல்லல. ஆனா தோலும் இருமலும் உள்ள ரெண்டு ரயிலடிக்கு நடுவுல குடியிருந்துக்கிட்டு எடின்பரோ கூடப் போட்டிக்குப் போறோம். தைரியத்த மெச்சிக்கறேன்.

இப்ப, விளையாட்டு போதும். மனுவுல ‘நமது பகுதியின் இலக்கியப் பாரம்பரியம்’னு தலைப்புப் போட்டுட்டு கீழ ரெண்டே வரி எழுதியிருக்கீங்களே, அது ஏன்? ஒருத்தருக்கும் தெரியலையா? நீங்கதான் பாரம்பரியமா?

பல்லாவரம் இங்கிருந்து எத்தனை தூரம்? ரயில்ல ஏறி உக்கார்றதுக்குள்ள இறங்கணும். அங்கதான் மறைமலையடிகள் இருந்தாரு. கிறித்தவக் கல்லூரியில தமிழ் வாத்தியாரா இருந்தவரு. அந்தக் கல்லூரி அப்ப பட்டணத்துல, பாரிமுனைப் பக்கம். 1898ல வேலைக்குச் சேந்தாரு. அங்க ஏற்கனவே தமிழ் வாத்தியாரா இருந்த பரிதிமாற்கலைஞர்தான் அவரைப் பரீட்சை பண்ணி எடுத்தாருன்னு சொல்லுவாங்க. அப்பால பல்கலைக்கழகத்துல தமிழைக் கட்டாயப் பாடத்துலருந்து எடுத்தாங்க. மனுஷன் 1911ல வேலைய விட்டுட்டுப் பல்லாவரத்துக்கு வந்து உக்காந்தாரு. மனு எழுதல, பேனர் கட்டல. வூட்டுலயே நூல்நிலையம் சேத்தாரு, அச்சுக்கூடம் வச்சு அங்கயே புஸ்தகம் போட்டாரு, 1916ல தனித்தமிழ்னு கிளம்பித் தன் பேரையே மாத்திக்கிட்டாரு. 1950ல காலமாகற வரைக்கும் அந்த ஊர்தான். அவர் சேத்து வச்ச புஸ்தகங்களை வச்சுத்தான் பின்னாடி பட்டணத்துல மறைமலையடிகள் நூல்நிலையம் வந்துச்சு. இந்தப் பக்கம் கூடுவாஞ்சேரி தாண்டி ஒரு ஊருக்கே அவர் பேரு. மறைமலை நகர்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? ஃபோர்டு கார் ஃபேக்டரி. வேற ஒண்ணும் வராது. அங்க கார் பண்றதும் 2022லயே நின்னு போச்சு.

அந்தக் கிறித்தவக் கல்லூரியும் 1937ல நம்ம தாம்பரத்துக்கே வந்துடுச்சு, சேலையூர் காட்டுக்குள்ள. உங்க வூட்டுப் பொண்ணுக்கு அங்க சீட்டுக் கிடைக்க எம்மாம் பேரைப் பாத்தீங்க! அப்ப ஒருத்தராவது பரிதிமாற்கலைஞர் பேரைச் சொன்னீங்களா?

அதைவிடப் பக்கம் ஒண்ணு இருக்குது. தண்டவாளத்துக்கு இந்தாண்ட, குரோம்பேட்டை எம்.ஐ.டி. மழை பேஞ்சா நம்ம தண்ணியும் அவங்க தண்ணியும் ஒண்ணு. அங்க படிச்சவருதான் சுஜாதா, கதையெல்லாம் எழுதினாரே, ரங்கராஜன். அங்க படிச்சவருதான் அப்துல் கலாமும். ராக்கெட் விட்டாரு, ஜனாதிபதி ஆனாருன்னு எல்லாருக்கும் தெரியும். படிக்கிற காலத்துல எம்.ஐ.டி. தமிழ்ச் சங்கம் ஒரு கட்டுரைப் போட்டி வச்சுது. கலாம் அதுல நம்ம விமானத்த நாமே செய்யணும்னு தமிழ்ல எழுதி முதப் பரிசு வாங்கினாரு. பரிசைக் கையில குடுத்தவரு யாரு தெரியுமா? ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். துப்பறியும் சாம்பு எழுதினவரு! இதைக் கலாமே தன் புஸ்தகத்துல எழுதியிருக்காரு. விமானம் கட்டப் படிக்கிற பையன் தமிழ்ல கட்டுரை எழுதறான், பெரிய பத்திரிகை ஆசிரியர் பட்டணத்துலருந்து ரயிலேறி வந்து பரிசு குடுக்கறாரு. இது நம்ம தெருவுலருந்து கூப்பிடு தூரத்துல நடந்தது. இத நீங்க மனுவுல எழுதல. ‘இப்பகுதியில் ஆண்டுதோறும் பட்டிமன்றம் நடைபெறுகிறது’ன்னு எழுதியிருக்கீங்க. குடும்பத்தில் மகிழ்ச்சி பெரிதும் தருவது கணவனா மனைவியான்னு. யுனெஸ்கோக்காரன் தீர்ப்பு என்னன்னு கேட்டு எழுதுவான் பாரு.

உனக்குத் தெரியாததுல எனக்கு ஆச்சரியமில்ல. ஆனா தெரிஞ்சவங்க ஊர்ல இருக்காங்க. எங்கன்னு சொல்றேன்.

நான் தினம் நம்ம பக்கத்துக் கிளை நூலகத்துக்குப் போவேன். பேப்பர் படிக்கத்தான், பெருமை அடிச்சுக்க ஒண்ணுமில்ல. எங்களை மாதிரிப் பெருசுங்க ஒரு கூட்டம் இருக்குது. ஒரு தினத்தந்திய ஆளுக்கு ஒரு தாளாப் பிரிச்சுக்குவோம். ஒருத்தருக்கு உலகச் செய்தி, ஒருத்தருக்கு ராசிபலன், எனக்கு இரங்கல் விளம்பரம். யாரு போனா, யாரு மிச்சம்னு பாத்துக்கணுமில்ல. நாங்க உக்கார்ற பெஞ்சியத் தாண்டிப் போனா, உள்ள பூரா இளவட்டம். பொண்ணுங்க அதிகம். டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில், கைடு, ஒரு கட்டு வினாத்தாள். எல்லாம் குரூப் நாலு பரீட்சைக்குப் படிக்கிறவங்க. இடம் பத்தாம படிக்கட்டுலயும் உக்காந்து படிக்குதுங்க. ஃபேனுக்கு நேரா இருக்கிற நாற்காலிக்குக் காலையில தொறக்கறதுக்கு முன்னாலயே வந்து நிக்கறாங்க.

ஒருநாள் உங்க மனு வாசகத்தப் பத்தி நெனைச்சுக்கிட்டு, எதிர்ல இருந்த பாப்பாவக் கேட்டேன்: ‘மறைமலையடிகள்னா யாரும்மா?’ தலையத் தூக்காமச் சொல்லுச்சு: ‘இயற்பெயர் வேதாசலம், தனித்தமிழ் இயக்கம்.’ சரி, பரிதிமாற்கலைஞர்? ‘சூரியநாராயண சாஸ்திரி.’ எனக்குக் கொஞ்சம் ஆட்டம் காட்டணும்னு தோணுச்சு, இன்னும் நாலஞ்சு கேட்டேன். எல்லாத்துக்கும் பதில் வந்துச்சு. கடைசியா, ‘தாத்தா, நீங்களும் எக்ஸாம் எழுதறீங்களா?’ன்னு கேட்டுச்சு. இதே கேள்விய உங்க சங்கத் தலைவரு கிட்ட, அதான் பொன்னாடைக் கவிஞரு, அவர்கிட்ட கேட்டேன். ‘மறைமலையடிகளா, நம்ம சைதாப்பேட்டை பாலம்தானே?’ன்னாரு.

அதனால சொல்றேன். நம்ம ஊர்ல இன்னிக்குத் தமிழ் இலக்கியம் உசுரோட இருக்கறது டி.என்.பி.எஸ்.சி. தயவுல. தமிழ்ப் பகுதியில தேறாட்டி மத்த பகுதியத் திருத்தவே மாட்டான், அதனால பிள்ளைங்க ஆசிரியர் பேரு, நூல் பேரு, அடைமொழி எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணுதுங்க. நூலகத்தைக் காப்பாத்திட்டிருக்கறதும் இலக்கியவாதி இல்ல, கிராம நிர்வாக அலுவலர் வேலை. நான் கேலியாச் சொல்லல, மெய்யாலுமே கும்பிடணும் அந்தப் பிள்ளைங்கள. ஆனா ஒரு குறை. ‘இந்த நூலை எழுதியவர் யார்’னு தெரியுது. அந்த நூலுக்குள்ள என்ன இருக்குதுன்னு பாக்க நேரமில்ல. அந்தப் பாப்பா முதுகுக்குப் பின்னாலயே அலமாரி. அதுல ஒரு நாவல எடுத்துப் பின் அட்டையத் தொறந்து பாத்தேன். தேதி முத்திரை குத்தற தாள் ஒட்டியிருக்குமே, அதுல கடைசி முத்திரை 2014. புஸ்தகம் புத்தம் புதுசா இருந்துச்சு, நடுப்பக்கம் இன்னும் ஒட்டிக்கிட்டு. அதுக்கப்புறம் அதை எடுத்துட்டுப் போனவன் நான்தான்.

கோழிக்கோட்டுல விஷயம் வேற. அங்க 500க்கு மேல நூலகம், 70க்கு மேல பதிப்பகம்னு பேப்பர்ல போட்டிருந்தான். அதை விடு, எண்ணிக்கைய எவன் வேணா சொல்லுவான். மிட்டாய்த் தெருன்னு ஒரு கடைத்தெரு இருக்குது அங்க, நம்ம ரங்கநாதன் தெரு கணக்கா நெரிசல். அந்தத் தெருவ வச்சு எஸ்.கே. பொற்றேக்காட்டுன்னு ஒருத்தரு ஒரு முழு நாவல் எழுதினாரு, ‘ஒரு தெருவின் கதை’. இன்னிக்கு அந்தத் தெரு முனையில அவருக்குச் சிலை. ஞானபீடம் வாங்கினவரு. வைக்கம் முகமது பஷீர், ஊரு வைக்கம் பக்கம், ஆனா வந்து குடியிருந்தது கோழிக்கோட்டுப் பக்கத்துல பேப்பூர்ல. வூட்டு வாசல்ல மங்குஸ்தான் மரத்தடியில சாய்வு நாற்காலி, பக்கத்துல கிராமபோன் பொட்டி. வர்றவன் போறவன் எல்லாம் வந்து பேசிட்டுப் போவான். பேப்பூர் சுல்தான்னே பேரு. எம்.டி. வாசுதேவன் நாயரு 2024 டிசம்பர்ல காலமானப்ப அந்த ஊரே வாசல்ல வந்து நின்னுச்சு. மாத்ருபூமி பத்திரிகை 1923ல ஆரம்பிச்சதும் அங்கதான். 2016லருந்து கடற்கரை மணல்ல இலக்கியத் திருவிழா நடத்தறாங்க. இதெல்லாம் பட்டத்துக்காகப் பண்ணல பாரு. பட்டம்கிற யோசனையே அப்பால வந்தது. உள்ளாட்சிக்குப் பாடம் சொல்லித்தர்ற கிலான்னு ஒரு நிறுவனம்தான் ஏன் நீங்க போடக்கூடாதுன்னு மாநகராட்சிக்கு எடுத்துக் குடுத்துச்சு. ஊரு ஏற்கனவே படிச்சிட்டு இருந்துச்சு, மேயரம்மா அதை எழுதிக் காட்டினாங்க.

நம்ம ஆளுங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. கதை ஒண்ணு சொல்றேன், நான் மாட்டுவண்டி ஓட்டினவன், அதனால எனக்குப் பிடிச்ச கதை. 1931ல மன்னார்குடிப் பக்கம் ஒரு நூலகம் தொறந்தாங்க. கட்டடத்துல இல்ல, மாட்டு வண்டியில. மேலவாசல் கனகசபைப் பிள்ளைன்னு ஒரு புண்ணியவான், பெட்டி கட்டின வண்டியில புஸ்தகத்த அடுக்கி, ரெண்டு மாட்டப் பூட்டி ஊர் ஊரா அனுப்பினாரு. தொறந்து வச்சவரு எஸ்.ஆர். ரங்கநாதன், சீர்காழிக்காரரு, சென்னைப் பல்கலைக்கழக நூலகரு. உலகம் பூரா நூலகத்துக்காரங்க அவர் சொன்ன அஞ்சு விதியத்தான் இன்னிக்கும் படிக்கறாங்க. எழுதப் படிக்கத் தெரியாதவங்க நிறைஞ்ச ஊர்ல, மாடு இழுத்துக்கிட்டுப் போற புஸ்தகத்துக்குக் காத்துக்கிட்டு ஜனம் நின்னுச்சு. இன்னிக்கு நம்ம தெருவுல எல்லாரும் படிச்சவங்க. வண்டி இல்லாத வூடு இல்ல. மாடுதான் இல்ல.

அந்த ரங்கநாதன் விடாம முட்டி மோதி, 1948ல இந்த ராஜதானியில பொது நூலகச் சட்டம் வந்துச்சு. சுதந்திர இந்தியாவுல முத நூலகச் சட்டம் அதுதான். அதுலதான் இருக்குது சூட்சுமம். உன் வூட்டுக்குச் சொத்து வரி கட்டறே இல்ல, அதோட சேத்து நூலக வரின்னு ஒண்ணு வசூல் பண்றாங்க. ரூபாய்க்குப் பத்து பைசா. ரசீதுல தனியாப் போட்டிருக்கும், உன் கண்ணுதான் அங்க போகாது. அடுக்குமாடியில ஆயிரம் சதுர அடி வச்சிருக்கிறவனும் கட்டறான், மூணு மாடி வாடகைக்கு விட்டவனும் கட்டறான். உள்ளாட்சி வசூல் பண்ணி நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டணும். கட்டாமப் பாக்கி வைக்கறது தமிழ்நாட்டுல பல ஊருக்குப் பழைய வழக்கம், பேப்பர்ல அப்பப்ப கோடிக் கணக்குல வரும். ஆகக்கூடி, பட்டம் வந்தாலும் வராட்டியும் நீ ஏற்கனவே இலக்கியத்துக்குச் சந்தா கட்டிக்கிட்டு இருக்கே கண்ணு, வருஷா வருஷம். சாப்பாட்டுக்குச் சீட்டு வாங்கிட்டு, பந்தியில உக்காராம வாசல்ல நின்னு கல்யாண வீட்டுக்காரன் என்னைக் கவனிக்கலன்னு மனு எழுதற மாதிரி இருக்குது உன் கதை.

நடக்காதுன்னு சொல்லாத. ஏரிக்கு எப்படி நடந்துச்சு? நான் பயிர் வச்ச காலத்துல அந்த ஏரி ஏரியா இருந்துச்சு. மனை வந்துச்சு, வூடு வந்துச்சு, சாக்கடை வந்துச்சு, குப்பை மேடு வந்துச்சு. ஏரி இருந்த எடம் தெரியாமப் போயிடும்னு நாங்க பழைய ஆளுங்க கை கழுவிட்டோம். நேத்து குடிவந்த பிள்ளைங்க, பேன்ட் போட்ட சாஃப்ட்வேர்க்காரங்க, ஞாயித்துக்கிழமை மண்வெட்டியத் தூக்கிக்கிட்டு இறங்கினாங்க. மனு போட்டாங்க, கோர்ட்டு கச்சேரின்னு அலைஞ்சாங்க, தகவல் உரிமையில கேட்டாங்க, தொல்லை தாங்காம 2019ல அரசாங்கம் ஏரியச் சீர்படுத்த 25 கோடி ஒதுக்குச்சு. இன்னும் எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன், மழை வந்தா இன்னும் பயம்தான். ஆனா கரை இருக்குது, தண்ணி நிக்குது, நாரை வருது. அதுக்கு எந்த யுனெஸ்கோவும் வரல. நீங்கதான் கேட்டீங்க. ஏரிக்குக் கேட்ட வாய் நூலகத்துக்கு ஏன் திறக்க மாட்டேங்குது?

நான் என்ன எழுதச் சொல்றேன்னா, இந்த மனுவக் கிழிக்க வாணாம், பின்பக்கம் காலியா இருக்குது, அதுலயே எழுது. யுனெஸ்கோவுக்கு இல்ல, மாவட்ட நூலக அலுவலருக்கு. எங்க பகுதியில நூலக வரி வருஷத்துக்கு எம்மாம் வசூல் ஆவுது, அதுல எம்மாம் ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேந்துச்சு? படிக்கட்டுல உக்காந்து படிக்கிற பிள்ளைங்களுக்கு இன்னொரு கூடம் எப்பக் கட்டுவீங்க? ராத்திரி எட்டு மணி வரைக்கும் தொறந்து வைக்க முடியுமா? வேலைக்குப் போறவன் வந்து புஸ்தகம் எடுக்க வாணாமா? கீழ கையெழுத்துல ‘கவிஞர்’ எடுத்துட்டு, ‘சொத்து வரி செலுத்துபவர்’னு போடு. அந்தப் பட்டத்துக்குத்தான் ஆபீஸ்ல மரியாதை.

அப்பால நீ கவிதை எழுதறத நான் தடுக்கல. எழுது. ஆனா வருஷத்துக்கு ஒரு புஸ்தகம் போடற நீ, வருஷத்துக்கு எத்தனை புஸ்தகம் படிக்கறேன்னு இந்தக் கிழவன் கிட்ட மட்டும் ரகசியமாச் சொல்லு. நந்தனத்துல புத்தகக் காட்சிக்குப் போனேன்னு சொல்லாத, அங்க உன்னைப் பாத்தேன். கையில டெல்லி அப்பளம்தான் இருந்துச்சு.

பட்டத்துக்கு அவசரம்னா மதுரைக்காரன் போடட்டும். சங்கம் வச்சவன், 1901ல பாண்டித்துரைத் தேவர் நாலாவது சங்கமும் வச்சுக் குடுத்துட்டுப் போயிருக்காரு, 2023ல பெருசா ஒரு நூலகமும் வந்துடுச்சு. அவன்கிட்ட சரக்கு இருக்குது. அவன் வாங்கினா நாம போய்க் கை தட்டுவோம், எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல.

இப்ப எழுந்திரு. இன்னும் நூலகத்த மூடியிருக்க மாட்டாங்க. ஆதார் கார்டையும் சொத்து வரி ரசீதையும் எடுத்துக்கிட்டு நேராப் போ. உறுப்பினரா நீ சேரு, உன் பெண்டாட்டியச் சேத்துவிடு, பிள்ளைங்களச் சேத்துவிடு. அங்க இருக்கிற அம்மாகிட்ட அந்த 2014 முத்திரை போட்ட நாவலக் கேளு. நான் நேத்துதான் திருப்பிக் குடுத்தேன், அலமாரியில இருக்கும்.